திருப்பிப் போடாத சீட்டு

அக்டோபர் 7

அன்புள்ள தங்கைக்கு,

நீயும் வாண்டும் எப்படி இருக்கிறீர்கள்? புது அறையில் ஒழுகும் ஜன்னலை வீட்டுக்காரர் வந்து பார்த்தாரா? இங்கே அப்பாவுக்கு இரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறது, வாய் அடங்கவில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை.

போனில் பேசினால் இரண்டு பேரும் மூன்றாவது வாக்கியத்தில் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம், அதனால் எழுதிக்கொள்ளலாம் என்று நீ சொன்னது சரிதான். எழுதும்போது அழுதாலும் வாக்கியம் முடிந்துவிடுகிறது.

தம்பி போய் ஏழு மாதம் ஆகப்போகிறது. நேற்று அவன் வேலை செய்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். ஜனவரி இருபதாம் தேதி கடைசி விசாரணையாம். அவனோடு வேலை பார்த்த கூட்டாளியை நிரந்தரமாக நீக்கி, இனி எங்கேயும் லிஃப்ட் வேலை பார்க்க முடியாதபடி உரிமத்தையும் பறிப்பார்கள் போலிருக்கிறது. மனைவி என்ற முறையில் நீயும் ஒரு கடிதம் கொடுக்கலாம் என்றார்.

அவர்கள் சொல்வது இதுதான். லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் தன் பெயர் எழுதிய தகட்டை மெயின் சுவிட்சில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். மாட்டியவனே வந்து கழற்றும்வரை வேறு யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது. தம்பி மாட்டியிருப்பான். கூட்டாளிதான் அவசரத்தில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு மின்சாரத்தைப் போட்டிருக்கிறான். அவனோ, "தகடே அங்க இல்ல, ஆள் மேல வந்துட்டான்னு நெனச்சேன்" என்று ஏழு மாதமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். பதினைந்து வருஷம் தம்பியோடு ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவன். தகட்டை மாட்டாமல் என் தம்பி ஒரு நாளும் இறங்கியதில்லை. பொய்யையாவது மாற்றிச் சொல்லலாம்.

கிறிஸ்மஸுக்கு வந்துவிடு. உன் அறை அப்படியே இருக்கிறது. அப்பா தினமும் வாண்டுவின் உயரத்தைச் சுவரில் போட்ட கோட்டைப் பார்த்துவிட்டு, "இந்நேரம் இதத் தாண்டியிருப்பா" என்கிறார்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா


அக்டோபர் 21

அன்புள்ள அண்ணிக்கு,

வாண்டுக்குச் சளி வந்து போய்விட்டது. ஜன்னலில் பழைய சாக்கைத் திணித்திருக்கிறேன். கண் மருத்துவமனையில் என் வேலை வரவேற்பு மேஜைதான். காலையிலிருந்து மாலைவரை பெயர் கூப்பிட வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு என் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். அது எனக்கு வசதியாக இருக்கிறது. மாமாவின் முட்டிவலிக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாரா, முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டாரா?

கிறிஸ்மஸுக்கு என்னால் வர முடியாது. கூட்டாளி நிற்கிற கோயிலில் என்னால் நிற்க முடியாது. விசாரணைக்கு எழுதவும் என்னிடம் எதுவுமில்லை. அந்தத் தகட்டை இன்னும் தேடுகிறார்களா?

வாண்டு தன் வகுப்பில் கிறிஸ்மஸ் தோழர் விளையாட்டு தொடங்கப்போகிறாளாம். விதிகளைப் பெரியத்தை ஒழுங்காக எழுதி அனுப்ப வேண்டுமாம், "அம்மா பாதிய மறந்துட்டு இஷ்டத்துக்குச் சொல்றா" என்கிறாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்தும் நீங்கள் என்னைப் 'புதுப்பொண்ணு' என்றுதான் கூப்பிட்டீர்கள். இப்போது 'தங்கை' என்று எழுதுகிறீர்கள். யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்ததுபோல் இருந்தது.

மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு
தங்கை


நவம்பர் 9

அன்புள்ள தங்கைக்கு,

சளி மறுபடி வராமல் பார்த்துக்கொள். தைலத்தை அப்பா முகர்ந்துதான் பார்த்தார். தேய்த்தது நான்.

'புதுப்பொண்ணு' என்று எழுதக் கை வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

தகட்டைத் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். குப்பையோடு போயிருக்கும் என்று அறிக்கையில் எழுதிவிட்டார்களாம். கூட்டாளி கோயிலுக்கு வருவதில்லை. நீ அவனுக்காக வராமல் இருக்க வேண்டாம். அவன் மனைவி மட்டும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். அந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை. நானும்தான்.

வாண்டுக்கு விதிகள்: கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். வந்த பெயரை யாரிடமும் சொல்லக்கூடாது. அந்த ஆளுக்காகத் தினமும் ஜெபிக்க வேண்டும், வாரம் ஒரு நல்ல காரியத்தை மறைவாகச் செய்ய வேண்டும். கிறிஸ்மஸ் காலையில் பெயரெழுதிய வாழ்த்து அட்டையைக் குடிலின் முன்னால் வைத்து, தான் யாரென்று சொல்ல வேண்டும். வந்த பெயர் பிடிக்கவில்லையென்றால் இரண்டாவது ஞாயிறுக்குள் சீட்டைத் திருப்பிப் பெட்டியில் போட்டுவிடலாம். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. அவ்வளவுதான்.

இந்த வருஷமும் சீட்டு எழுதும் வேலையைக் குருவானவர் என்னிடமே கொடுத்திருக்கிறார். இழுக்க வராதவர்களின் சீட்டை உறையில் போட்டு ஒட்டி, கோயில் பணியாளரிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இந்த முறை வராதவர்கள் ஐந்து பேர் இருப்பார்கள்.

குளிர் கூடுகிறது. வாண்டுக்குக் காதை மூடி அனுப்பு.

அன்புடன்
அக்கா


டிசம்பர் 6

அன்புள்ள தங்கைக்கு,

உன் பதிலுக்காகக் காத்திருக்காமல் எழுதுகிறேன். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.  

நேற்றுக் காலை ஆறு மணிக்குப் பால் எடுக்கப் போனேன். வாசல் கேட்டைத் தள்ளினேன். அது கத்தவில்லை. நம் கேட் எப்படிக் கத்தும் என்று உனக்குத் தெரியும், அப்பாவின் காதுக்கே கேட்கிற சத்தம். தம்பி இரண்டு வருஷமாக 'இந்த ஞாயிறு பாத்துடறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்த கேட். உடம்பு பாதி வெளியே போய்விட்டது, கை மட்டும் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டது. கீலில் புதிதாகக் கிரீஸ் வைத்திருந்தது. தாழ்ப்பாளில் நூல் கட்டி ஓர் அட்டை. அதில் கொட்டை எழுத்தில் தம்பியின் பெயர். கீழே, 'ரெண்டு வருஷமா சொல்லிட்டிருந்த. முடிஞ்சது. உன் கிறிஸ்மஸ் தோழன்.'

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பால்காரர் வந்து "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

யார் இப்படி விளையாடுவது? இறந்தவனின் பெயர் எப்படி ஒருவர் கைக்குப் போனது? பழைய பட்டியலைப் பார்த்து எழுதியதில் தவறி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் அட்டையைக் காட்டினேன். ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தார். பிறகு, "ஆள் யாருன்னு தெரிஞ்சா சொல்லு, அடுப்புல நாலாவது பர்னரும் எரியல" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உள்ளே போய்விட்டேன். சாயங்காலம், "இனிமே யார் வந்தாலும் நமக்குத் தெரியாதே" என்று கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உடனே எழுது.

அக்கா


டிசம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இருக்கிறோம். உங்கள் கடிதத்தை வேலை மேஜையில் வைத்துப் பிரித்தது தப்பு. அடுத்த ஆளைக் கூப்பிட வாயைத் திறந்தேன், உங்கள் தம்பி பெயர் வந்துவிட்டது. கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டுவிட்டேன். கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல போலம்மா" என்றார். தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்க் கழிவறையில் நின்றேன்.

அண்ணி, நீங்கள் ஆய்வகத்தில் ஒரு நாளைக்கு இருநூறு இரத்தக் குழாய்களில் பெயர் ஒட்டுகிறீர்கள். பதினெட்டு வருஷத்தில் ஒரு பெயர் மாறியதில்லை என்று நீங்களே சொல்வீர்கள். எனக்கு வாண்டு பிறந்தபோது பக்கத்துக் கட்டிலின் குழாயில் பெயர் தப்பாக இருப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துச் சண்டை போட்டவர் நீங்கள். அப்படிப்பட்ட உங்கள் கையில் இவர் பெயர் எப்படித் தவறி வந்தது?

மாமா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இப்படிக்கு
தங்கை


டிசம்பர் 12

அன்புள்ள தங்கைக்கு,

அப்பா மாத்திரை போடுகிறார். நேற்றிலிருந்து எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் எழுதுகிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

நேற்று விடிந்ததும் வாசலில் ஒரு பொட்டலம். மேலே தம்பியின் பெயர். பிரித்தேன். அப்பாவின் ரேடியோ. ஞாபகம் இருக்கிறதா, பிப்ரவரியில் ஊமையாகிப்போய்த் தம்பி எடுத்துக்கொண்டு போனானே. 'கூட்டாளிதான் ஈயம் வைக்கிறதுல கெட்டிக்காரன், அவன்கிட்ட குடுத்திருக்கேன்' என்றானே. அதே ரேடியோ. குமிழைத் திருகினேன், செய்தி வாசித்தது. 

அட்டையில், 'உங்கப்பா கேட்டுட்டே இருப்பார்னு சொல்லுவ. பாட்டரி புதுசு.'

யாரென்று இனி யோசிக்க வேண்டியதில்லை. அதை வைத்திருந்தது உலகத்தில் ஒரே ஆள்தான்.

அப்பா ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யார் கொண்டுவந்து வச்சதுன்னு தெரியுமாப்பா?" என்று கத்தினேன். "தெரியும். அவன் பேருக்குத்தான வந்திருக்கு, நீ ஏன் பிரிச்ச?" என்றார். 

போன ஞாயிறு குருவானவர் ஒன்று சொன்னார். இடையர்கள் தூதனைப் பார்த்ததும் முதலில் பயந்து நடுங்கினார்கள், சந்தோஷம் பிறகுதான் வந்தது. நாம் அந்த நடுக்கத்தை வண்ணக் காகிதம் சுற்றி மறைத்துவிட்டோம், சொல்லாமல் கொள்ளாமல் கடவுள் நம் வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் கை கால் ஓடும் என்று. நான் அப்போது தலையாட்டிக்கொண்டு, அடுத்த பாட்டு எத்தனையாம் எண் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீட்டைத் திருப்பிப் போட அவனுக்கு ஏழு நாள் இருந்தது. போடவில்லை. அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பிறகு எழுதுகிறேன். குழாய்கள் காத்திருக்கின்றன.

அக்கா


டிசம்பர் 15

தங்கைக்கு,

உடம்பைக் கவனித்துக்கொள். இந்தக் கடிதத்தை வேலை மேஜையில் பிரிக்காதே.

நேற்றுப் பிற்பகல் கல்லறைக்குப் பூ எடுத்துக்கொண்டு போனேன். தூரத்திலேயே பார்த்துவிட்டேன், தம்பியின் கல்லறைக்கு முன்னால் ஒருவன் முட்டி போட்டிருந்தான். மெலிந்துபோயிருந்ததால் முதுகை வைத்து அடையாளம் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். ஏன் ஒளிந்தேன் என்று கேட்காதே. மழையில் அழிந்துபோன எழுத்துகளின் மேல் சின்ன பிரஷ்ஷால் கறுப்புப் பெயின்ட் பூசிக்கொண்டிருந்தான். ஒவ்வோர் எழுத்தாக, கோடு தாண்டாமல். பாதியில் நிறுத்திவிட்டுப் பேசினான். பக்கத்தில் இருக்கிறவனிடம் பேசுகிற குரல்.

"டேய், உண்மையச் சொல்லு. தகட்ட எங்கடா வச்ச?"

கொஞ்ச நேரம் காத்திருந்தான். நிஜமாகவே காத்திருந்தான்.

"சரி, விடு. சொல்ல வேணாம்."

மறுபடி பிரஷ்ஷைத் தொட்டு அடுத்த எழுத்தைப் பூசத் தொடங்கினான்.  தகட்டைக் கழற்றி எறிந்தவன், யாரும் இல்லாத இடத்தில், செத்தவனிடம் அதைக் கேட்பானா?

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பெயர் தவறி வரவில்லை. நான் எழுதினேன். பெட்டியில்கூடப் போடவில்லை. தனியாக எழுதி, கூட்டாளியின் உறையில் நானே போட்டு ஒட்டினேன். எல்லாரும் வாழ்த்துப் பாட்டுப் பயிற்சியில் இருந்தபோது கோயில் அலுவலக அறையில் உட்கார்ந்து செய்தேன். உறையைப் பிரிக்கும்போது அவன் முகம் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே ஒட்டினேன். நாக்கில் பட்ட பசைகூட இனித்தது. கிறிஸ்மஸ் நாள்வரை அந்தப் பெயர் அவன் வீட்டில் கிடக்கட்டும், சாப்பிட விடாமல் செய்யட்டும் என்று நினைத்தேன். கேட்டில் அட்டையைப் பார்த்து நான் அதிர்ந்தது, பெயர் எப்படி வந்தது என்று தெரியாததால் இல்லை. கத்தியைக் கொடுத்தேன், அவன் அதை வைத்து நம் வீட்டு வேலையைச் செய்துகொடுத்திருக்கிறான்.

உன்னிடம் பட்டியல், பழைய தவறு என்றெல்லாம் எழுதியது பொய். வாண்டுக்கு விதிகளை எழுதி அனுப்பிய அதே கை.

என்னைத் திட்டியாவது எழுது.

அக்கா


டிசம்பர் 18

கடிதம் கிடைத்தது. பதில் எழுத முடியவில்லை. வாண்டு நலம்.


டிசம்பர் 20

அன்புள்ள தங்கைக்கு,

ஒரு வரியாவது வந்ததே என்று உன் தபால் அட்டையைப் பையிலேயே வைத்திருக்கிறேன். நீ என் முகத்தில் விழிக்க விரும்பாவிட்டால் அது நியாயம். ஆனால் அப்பாவுக்கும் வாண்டுக்கும் நடுவில் நான் ஒரு சுவராகிவிடக்கூடாது. என்னோடு பேசாமலேயாவது வா. நான் ஆய்வகத்தில் கிறிஸ்மஸ் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே இருந்துவிடுகிறேன்.

நேற்று மாலை குடில் கட்டினோம். இத்தனை வருஷம் வைக்கோலைப் பரப்புவது என் வேலை. பொம்மைகள் நேராக நிற்கின்றனவா, விளக்கு எரிகிறதா என்பதைத் தவிர எதையும் நினைத்ததில்லை. நேற்று வைக்கோல் கையில் குத்தியது. பிறந்த குழந்தையைப் படுக்கவைக்கிற பொருளா இது என்று தோன்றியது. நாற்பத்து நான்கு வயதில் முதல் முறையாகத் தோன்றியது.

எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன், சரியாகச் சொல்ல வருமா என்று தெரியவில்லை. கூட்டாளிக்கு வந்தது செத்தவன் பெயர். எவ்வளவு செய்தாலும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நன்றிகூட வராது. கடவுளுக்கும் அப்படி ஒரு சீட்டு வந்தது, அதில் என் பெயர் இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். பசையை நக்கிச் சிரித்தவளின் பெயர். திருப்பிப் போட்டிருக்கலாம், ஏன் என்று யாரும் கேட்டிருக்க முடியாது. போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு, இறங்கி, இந்தக் குத்துகிற வைக்கோலில் வந்து படுத்துக்கொண்டார். இவ்வளவு நாளும் கிறிஸ்மஸ் என்றால் நல்லவர்களுக்கு நல்லவர் வந்த நாள் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன் போலிருக்கிறது. அப்படியில்லை என்று தெரிவது ஆறுதலாக இல்லை. பயமாக இருக்கிறது.

கூட்டாளியிடம் போய்ச் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை. அவன் வீட்டுத் தெருமுனைவரை இரண்டு முறை போய்த் திரும்பினேன்.

வாண்டுக்கு முத்தம்.

அக்கா


டிசம்பர் 22
விரைவுத் தபால்

அன்புள்ள அண்ணிக்கு,

நாளை இது உங்களுக்குக் கிடைத்துவிடும். நானும் வாண்டும் இருபத்து நான்காம் தேதி காலை ரயிலில் வருகிறோம். நீங்கள் எந்த வேலையும் கேட்டு வாங்க வேண்டாம். வீட்டில் இருங்கள். ஏனென்றால் நான் எழுதப்போவதைப் படித்த பிறகு, வெளியே போக வேண்டியது நானா நீங்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தகடு என்னிடம் இருக்கிறது.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது.

அன்று திங்கட்கிழமை. அவர் சனிக்கிழமை வேலைக்குப் போட்ட கால்சட்டையை விடிகாலையிலேயே பக்கெட்டில் சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டேன். பையைப் பார்க்கவில்லை. எப்போதும் பார்ப்பேன். அவர் கிளம்பும்போது வாசலில் நின்று, "என் தகட்டப் பாத்தியா?" என்று கேட்டார். வெளியே கூட்டாளி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். வாண்டுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "அங்கதான் எங்கயாவது இருக்கும், கிளம்புங்க, அவர் தெருவையே எழுப்புறாரு" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். அவ்வளவுதான் பேசினோம்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் பக்கெட் நாறுகிறதே என்று துணியை எடுத்தேன். பையிலிருந்து விழுந்து தரையில் சத்தம் போட்டது. அவர் பெயர் மேலே பார்த்தபடி கிடந்தது. சத்தம் கேட்டு நீங்கள் அடுத்த அறையிலிருந்து, "என்ன விழுந்தது?" என்று கேட்டீர்கள். "கரண்டி" என்றேன்.

அன்றே சொல்லியிருந்தால் கூட்டாளி பொய் சொல்லவில்லை என்று தெரிந்திருக்கும். ஆனால், தகடு எங்கே இருந்தது, யார் பக்கெட்டில், அவரை யார் விரட்டி அனுப்பியது என்று எல்லாரும் கேட்பார்கள். பழி கூட்டாளி மேல் உட்கார்ந்திருக்கிறவரைக்கும் என் பக்கம் திரும்பாது. அவரை நான் வெறுத்ததுபோல் பேசியதெல்லாம் அதற்காகத்தான். உங்களோடு இருக்க முடியாமல்தான் வேலையைச் சாக்காக வைத்து இங்கே ஓடி வந்தேன். 'அவன் தகட்டை மாட்டாமல் இறங்கியதே இல்லை' என்று நீங்கள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

நீங்கள் எழுதியிருந்தீர்கள், கூட்டாளி கல்லறையில் கேட்டுவிட்டுக் காத்திருந்தார் என்று. அந்தக் கேள்விக்குப் பதில் இங்கே என் அலமாரியில் வாண்டுவின் ஸ்வெட்டருக்கு அடியில் இருந்தது. மூன்று நாள் என்னால் அலமாரியைத் திறக்க முடியவில்லை. பிள்ளை குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் பள்ளிக்குப் போனாள். அப்போதுதான் இது போதும் என்று தோன்றியது.

தகட்டைக் கொண்டுவருகிறேன். கூட்டாளி கையில் கொடுத்துவிட்டு, விசாரணைக்கும் எழுதிக் கொடுக்கிறேன். அவரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். நான் பின்வாங்கிவிட்டால் இன்னொரு முறை அவர் காத்திருக்கக்கூடாது.

மாமாவுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவர் காது கேட்காததற்கு இப்போதுகூட நன்றி சொல்லத் தோன்றுகிறது.

உங்கள்
புதுப்பொண்ணு
(இப்படிக் கையெழுத்துப் போட இன்னும் உரிமை இருந்தால்)


ஜனவரி 4

என் புதுப்பொண்ணுக்கு,

சௌகரியமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? வாண்டு ஸ்வெட்டரைக் கழற்றாமல் இருக்கிறாளா? உன் விசாரணைக் கடிதத்தை நேற்று நானே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். இருபதாம் தேதி உன்னையும் நேரில் கேட்பார்கள். நானும் வருவேன். கேள்வி கேட்கிறவர்கள் கேட்கட்டும், உன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருகிறேன்.

ரயில் நிலையத்தில் உன்னைப் பார்த்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல், "பெட்டி கனமா?" என்று கேட்டேன். "தகடு மட்டும்தான் கனம்" என்றாய்.  மன்னிப்பு என்ற சொல்லை நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வீடுவரைக்கும் என் கையை நீ விடவில்லை.

கிறிஸ்மஸ் காலை ஆராதனையில் நீ நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் கூட்டாளியின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாய். கோயிலே திரும்பிப் பார்த்தது. பாட்டில் ஒரு வரி யாருமே பாடவில்லை, ஆர்மோனியம் மட்டும் தனியாகப் போயிற்று. நானும் எழுந்து வந்து உட்கார்ந்தேன். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள், நாமும்தான்.

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவன் நின்றதும், நீ அவன் உள்ளங்கையில் தகட்டை வைத்ததும், "என் பக்கெட்டுல இருந்துச்சு" என்று சொன்னதும் நீ அறிந்தது. நீ திரும்பி உள்ளே போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். அவன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். பெயரை விரலால் தடவினான். என்னை நிமிர்ந்து பார்த்து, "சோப்புத் தண்ணியிலயா கெடந்தது? அதான் இவ்வளவு பளபளன்னு இருக்கு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு நடுவில் உடைந்து என்னவோ ஆகிவிட்டது. அப்போதுதான் நான் சொன்னேன், உறையில் பெயரைப் போட்டது நான் என்று, எதற்காகப் போட்டேன் என்று.  "கையெழுத்து உங்களதுன்னு அன்னிக்கே தெரியும்கா" என்றான்.  தெரிந்தேதான் கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

குடிலின் முன்னால் தம்பியின் பெயரில் இருந்த அட்டையை உன்னால் பிரிக்க முடியவில்லை, நீங்கள் படித்துவிட்டு எழுதுங்கள் என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். ஒரு வாரம் கையில் வைத்திருந்தேன். நேற்றுத்தான் பிரித்தேன். நீ கொண்டுவந்த தகட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் எழுதியது இது என்பதை நினைவில் வைத்துக்கொள். அப்படியே எழுதுகிறேன்:

'டேய், உன் பேர் எனக்கு வந்துச்சு. திருப்பிப் போடலாம்னு ரெண்டு தடவ கோயில் வாசல் வரைக்கும் வந்தேன். உன்னத் திருப்பிப் போட்டுட்டு நான் எங்கடா போறது? கேட்டு சரியாச்சு. ரேடியோ பாடுது. ஒண்ணுதான் பாக்கி. தகடு இருந்துச்சோ இல்லையோ, சுவிட்சப் போடறதுக்கு முன்னாடி உள்ள ஆள் இருக்கான்னு நான் ஒரு குரல் குடுத்திருக்கணும். குடுக்கல. நான்தான்டா உன் கிறிஸ்மஸ் தோழன்.'

அதன் பிறகு எனக்கு எதுவும் ஓடவில்லை. இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவன், நடுவில் நான். மூன்று பேரும் அவரவர் பங்கைத் தனித்தனியே சுமந்துகொண்டு இருந்திருக்கிறோம்.

இன்று காலை ஒன்று நடந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் சமையலறையில் இருந்தேன், அப்பா கூடத்தில் ரேடியோவோடு இருந்தார். கேட் இப்போது சத்தம் போடுவதில்லை என்பதால் யாரும் வந்தது தெரியவில்லை. வாசலில் நிழல் பட்டு எட்டிப் பார்த்தேன். அவன்தான். கையில் அடுப்பு பர்னர் ஒன்று, காகிதத்தில் சுற்றியது. கதவு திறந்தேதான் இருந்தது. பதினைந்து வருஷம் கேட்காமல் உள்ளே வந்து தண்ணீர் மொண்டு குடித்த ஆள். இன்று படியைத் தாண்டவில்லை. நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, குரல் கொடுத்தான்.

"உள்ள ஆள் இருக்கா?"

நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் இரண்டாவது முறையும் கூப்பிட்டான், இன்னும் சத்தமாக. அப்பா ரேடியோவை அணைத்தார். இடி இடித்தாலும் கேட்காத மனுஷர்.

"இருக்கோம். வாப்பா" என்றார்.

அன்புடன்
அக்கா